கீழ்மாடியில் கேட்டதும் மேல்மாடியில் கிடைத்ததும்

வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டி நோக்கி நடந்தால், புடவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இடையில் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்களின் பலகைகள் தெரியும். அவற்றில் ஒன்றின் படிகளை 2024 டிசம்பர் முதல் 2025 ஓகஸ்ட் வரை ஒன்பது மாதங்கள் ஏறி இறங்கியிருக்கிறேன். என் மகள் இப்போது இங்கிலாந்தின் நொரிச் நகரில், ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில், சுற்றாடல் விஞ்ஞானம் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அந்த நிலையம் எப்படி என்று என் பாடசாலை ஆசிரியைகள் மூவரும், எங்கள் தொடர்மாடியில் இரண்டு பெற்றோரும் கேட்டுவிட்டார்கள். மாடிப்படியில் நின்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் கண்ட குறைகளில் பாதி அந்தத் தொழிலுக்கே உரியவை. கண்ட நன்மையோ பெரும்பாலும் அங்கே வேலை செய்யும் ஒரேயொரு பிள்ளையால் வந்தது.

நான் புவியியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடங்களாக உயர்தர வகுப்புக்குத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கிறேன். ஆனாலும் மகளுக்கு இந்தப் பாடத்தில் ஆசை வந்தது என் வகுப்பால் அல்ல. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியபோது அவளுக்குப் பத்து வயது. பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றவள், "குப்பை எப்படி அம்மா ஆட்களைக் கொல்லும்?" என்று கேட்டாள். அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து, வெள்ளை பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை நெடுகிலும் ஒதுங்கின. பயணக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு கல்கிசைக் கரைக்குப் போய் மணலை அரித்து அந்த மணிகளைப் பொறுக்கி, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வைத்தாள். போத்தல் இன்னும் அவளுடைய மேசையில்தான் இருக்கிறது.

அவள் எழுதிய உயர்தரப் பரீட்சையும் மழையில்தான் நடந்தது. வெள்ளத்தால் 2024 நவம்பர் 27 முதல் பரீட்சை நிறுத்தப்பட்டு டிசம்பர் 4 அன்று மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வெளியே போய்ப் படிக்கலாமா என்று கேட்டாள். இங்கேயே படிக்க வழி இல்லாமல் இல்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறை இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் சுற்றாடல் விஞ்ஞானம் இருக்கிறது. கொழும்பு மாவட்டத்து இசட் புள்ளிப் போட்டியில் எது கிடைக்கும் என்று பெறுபேறு வரும்வரை சொல்ல முடியாது என்பதால் இரண்டு வழியையும் திறந்து வைக்க முடிவு செய்தோம். எந்த ஆலோசனை நிலையமும் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசாது. அதை நாமாகத்தான் யோசித்துவிட்டுப் படியேற வேண்டும்.

முதல் சந்திப்பு கீழ்மாடியில், கண்ணாடி அறையில். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் ஒருவர் மிகவும் மரியாதையாக வரவேற்றார். மகள் உயிரியல், இரசாயனவியல், விவசாய விஞ்ஞானம் என்று பாடங்களைச் சொன்னாள். அவர் கணினியைப் பார்த்தபடியே, "உள்ளூர் உயர்தரம் என்றால் முதலில் ஒரு வருடம் அடிப்படைப் பாடநெறி செய்தே ஆகவேண்டும், டீச்சர்" என்றார். அந்த ஒரு வருடத்துக்கான கட்டணத்தையும் எழுதிக் காட்டினார். நான் திடுக்கிட்டேன். மூன்று வருடத்துக்கே காணி விற்க வேண்டிய நிலையில் நாலாவது வருடத்துக்கு எங்கே போவது?

அன்றிரவு மகளும் நானும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையத்தளமாகத் திறந்தோம். பெரும்பாலானவற்றில் நாட்டுவாரியாக நுழைவுத் தகைமை எழுதியிருக்கிறது. இலங்கை என்ற பெயரின் கீழே, எமது க.பொ.த. உயர்தரத்தை முதலாம் ஆண்டுக்கே நேரடியாக ஏற்கும் பல்கலைக்கழகங்கள் ஒன்றல்ல, பல இருந்தன. வேண்டிய சித்தி மட்டம் என்ன என்பதும் அங்கேயே இருந்தது. அடுத்த சந்திப்பில் அச்சிட்ட தாள்களை அவர் முன்னால் வைத்தேன். "ஓம் டீச்சர், இவற்றுக்கும் போடலாம்" என்றார், சற்றும் தயங்காமல். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாதுகாப்பான வழியைச் சொன்னேன் என்றார். இந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. என் இடத்தில், இணையத்தளத்தை ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகாத ஒரு தாய் இருந்திருந்தால், ஒரு வருடமும் பல இலட்சம் ரூபாயும் அந்தக் கண்ணாடி அறையிலேயே போயிருக்கும்.

அதைவிடப் பெரிய குறை பாடத்தைப் பற்றியது. "சுற்றாடல் கற்கைகளா, சுற்றாடல் விஞ்ஞானமா, சுற்றாடல் முகாமைத்துவமா, எதற்கு விண்ணப்பிப்பது?" என்று மகள் கேட்டாள். "மூன்றும் ஒன்றுதான் தங்கச்சி, விசாவுக்கு வித்தியாசம் இல்லை" என்றார். விசாவுக்கு வித்தியாசம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் படிக்கப்போகும் பிள்ளைக்கு அது முழு வாழ்க்கை.

இந்த வேறுபாட்டை மீதொட்டமுல்லையை வைத்தே விளக்குகிறேன். மகளுக்கும் அப்படித்தான் விளக்கினேன். சுற்றாடல் கற்கைகள் படிப்பவர், நகரத்தின் குப்பை ஏன் ஏழைகளின் வீட்டு வேலிக்கு அருகில் கொட்டப்பட்டது, எந்தச் சட்டம் அதைத் தடுத்திருக்க வேண்டும், யார் முடிவெடுத்தார்கள், மக்கள் போராடியபோது என்ன நடந்தது என்று கேட்பார். அவருக்குச் சட்டமும் பொருளியலும் அரசியலும் வரலாறும் வேண்டும். பல இடங்களில் இது கலைமாணிப் பட்டம். சுற்றாடல் விஞ்ஞானம் படிப்பவர், மேட்டுக்குள் மழைநீர் எவ்வளவு ஊறியது, மெதேன் வாயு எங்கே தேங்கியது, கழிவுநீர் எந்தப் பக்கம் கசிந்தது என்று அளப்பார். அவருக்கு இரசாயனவியலும் மண்ணியலும் புள்ளிவிபரவியலும் வேண்டும். அது விஞ்ஞானமாணி. முகாமைத்துவம் படிப்பவர் அந்தக் குப்பையை நாளைக்கு எப்படிச் சேகரித்து எங்கே கொண்டுபோவது என்ற ஒழுங்கைப் பார்ப்பார். சுற்றாடல் பொறியியல் இன்னும் வேறு. அதற்கு உயர்தரத்தில் கணிதம் இல்லாமல் போவது கடினம். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் இதைத் தெரியாமல் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு நிராகரிக்கப்பட்டு அழுவதைக் கண்டிருக்கிறேன்.

நாட்டுக்கு நாடும் வேறுபடும். இங்கிலாந்தில் மூன்று வருடம், முதல் நாளிலிருந்தே உங்கள் துறைக்குள் இருப்பீர்கள். ஸ்கொட்லாந்தில் பெரும்பாலும் நாலு வருடம். கனடாவிலும் அமெரிக்காவிலும் நாலு வருடம், அங்கே முதலில் பல பாடங்களைத் தொட்டுப்பார்த்துவிட்டுப் பிறகு பிரதான பாடத்தைத் தீர்மானிக்க இடமுண்டு. சமூகமும் வேண்டும், விஞ்ஞானமும் வேண்டும், இன்னும் முடிவெடுக்கவில்லை என்னும் பிள்ளைக்கு, பணம் இருந்தால், அந்த நாலு வருட முறை நல்லது. எங்களிடம் மூன்று வருடத்துக்கே பணம் இருந்தது. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கற்கைக் கட்டணம் இல்லை என்பதை இந்த நிலையத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. என் மாணவி ஒருத்தியின் அண்ணன் சொல்லித்தான் தெரியவந்தது. ஆங்கில மொழி மூல இளமாணிப் பாடநெறிகள் அங்கே குறைவு, மொழி படிக்க ஒரு வருடம் போகும் என்பதால் நாங்கள் விட்டுவிட்டோம். ஆனால் தெரிந்துகொண்டு விடுவது வேறு, தெரியாமலே போவது வேறு.

பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு விடயத்தையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பிள்ளை திரும்பி வந்து இங்கே அரச வேலைக்கு விண்ணப்பிக்க நினைத்தால், பட்டம் தந்த பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பது முதல் கேள்வி. பட்டம் கலைமாணியா விஞ்ஞானமாணியா என்பது இரண்டாவது. விஞ்ஞானப் பட்டம் மட்டும் கேட்கும் ஆட்சேர்ப்பு அறிவித்தல்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒரு கோப்பில் வைத்திருந்தேன். மகளின் மனம் கற்கைகளின் பக்கமும் சாய்ந்திருந்தது. அந்தக் கோப்பையும் ஹோர்லிக்ஸ் போத்தலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அளக்கத் தெரியாமல் நான் யாரோடு வாதாடுவது?" என்று விஞ்ஞானத்தைத் தெரிந்தெடுத்தாள். முடிவு அவளுடையது.

பிரித்தானியாவுக்கு இளமாணிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் யூகாஸ் என்ற பொது விண்ணப்பச் சேவைதான் வாயில். ஒரு விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள். 2025 அனுமதிக்கு ஜனவரி 29 முதன்மை இறுதி நாள். அப்போது கட்டணம் 28 பவுண் 50 பென்ஸ். இதை எந்த ஆலோசகரும் இல்லாமல் வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கீழ்மாடியில் அது ஏதோ அவர்களிடம் மட்டும் இருக்கும் திறப்புப் போலப் பேசப்பட்டது. இளைஞர் தந்த பட்டியலில் ஐந்து பல்கலைக்கழகங்கள் இருந்தன. தரவரிசை எண், கட்டணம், நகரம் என்ற மூன்று நிரல்கள். பாடத்தைப் பற்றி ஒரு நிரலும் இல்லை. மகளும் நானும் வீட்டில் வேறொரு அட்டவணை கீறினோம். முதலாம் ஆண்டில் கட்டாயப் பாட அலகுகள் எவை? களப்பயணம் எத்தனை நாள், அதன் செலவு கட்டணத்துக்குள் அடங்குமா? ஆய்வுகூட வேலை உண்டா? புவியியல் தகவல் முறைமை எந்த ஆண்டில் தொடங்குகிறது? தொழிலிடத்தில் ஒரு வருடம் பயிற்சி பெற இடமுண்டா? இணையத்தளத்தில் பதில் இல்லாதபோது பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் எழுதினாள். எல்லாரும் பதில் எழுதினார்கள், ஒருவர் இரண்டு பக்கத்துக்கு. நிலையத்தின் பட்டியலில் இருந்த ஐந்தில் இரண்டு மட்டுமே எங்கள் அட்டவணையில் நின்றன. ஈஸ்ட் ஆங்கிலியா அவர்கள் பட்டியலிலேயே இருக்கவில்லை. சுற்றாடல் விஞ்ஞானத்துக்கென்றே பெரிய பிரிவு ஒன்றை வைத்து, 1972 முதல் காலநிலை ஆய்வுப் பிரிவையும் நடத்திவரும் இடம், சுற்றாடல் படிக்கவென்று வந்த பிள்ளைக்குத் தந்த பட்டியலில் இல்லை.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. "ஆலோசனை இலவசம்" என்று பலகையில் இருந்தால், சம்பளம் வேறெங்கிருந்தோ வருகிறது என்று பொருள். பிள்ளை சேர்ந்ததும் பல்கலைக்கழகம் முதலாம் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை முகவருக்குத் தரகாகக் கொடுக்கிறது. இது ஒளிவுமறைவான விடயம் அல்ல, அந்தத் தொழில் நடக்கும் முறையே அதுதான். அதில் பிழையும் இல்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை முதல் நாளே வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல்கலைக்கழகங்கள் தங்கள் முகவர்களின் பட்டியலை இணையத்தளத்தில் நாட்டுவாரியாக வெளியிடுகின்றன. பிரிட்டிஷ் கவுன்சில் ஆலோசகர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்குகிறது. முகவரா என்று பாருங்கள், சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

சுயவிளக்கக் கட்டுரைக்கு வருகிறேன். அப்போது அது 4,000 எழுத்துகளுக்குள் ஒரே கட்டுரையாக இருந்தது. 2026 அனுமதியிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். நிலையம் ஒரு மாதிரிக் கட்டுரையைத் தந்தது. "சிறு வயது முதலே இயற்கையின் அழகு என்னைக் கவர்ந்தது" என்று தொடங்கி, காடுகள், யானைகள், பூமித்தாய் என்று போயிற்று. பெயரை மாற்றினால் போதும் என்றார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி எழுதினால் கொப்பியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒரேமாதிரி இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்கும் மென்பொருள் யூகாஸிடம் இருக்கிறது. அதே மாதிரியை வைத்து எத்தனை பிள்ளைகள் அனுப்பினார்களோ?

மகள் தானே எழுதினாள். பிளாஸ்டிக் மணிகளைத் தரம்பிரித்து எண்ணியது, எரிந்த மணியும் எரியாத மணியும் தண்ணீரில் எப்படி வேறுபட்டன என்று வீட்டுக் குவளையில் பார்த்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வெள்ளவத்தை வாய்க்காலில் நீர் உடும்பு எந்த இடத்தில் கரையேறும், எந்த இடத்தில் ஏறாது என்று இரண்டு மாதம் குறித்து வைத்தது. 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் ஈரநிலநகர் என்ற அங்கீகாரத்தை முதன்முதலில் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்த நகரத்தின் பிள்ளை பாடசாலை பஸ்ஸில் போகும்போது வாய்க்காலைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறாள், ஏன்? இதுதான் அவள் கட்டுரையின் முடிவுக் கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டு இலக்கணப் பிழை திருத்தியதைத் தவிர நான் கைவைக்கவில்லை.

இனி மேல்மாடி. ஒடுங்கிய படியேறினால் ஒரு சிறிய அறை, சுவரை ஒட்டி இரும்பு அலுமாரிகள், ஒரு பழைய மின்விசிறி. அங்கே கோப்புகளைப் பார்க்கும் பிள்ளைக்கு இருபத்தாறு வயது இருக்கும். மட்டக்களப்புப் பக்கம். அவளுடைய பேச்சில் அலங்காரமே இல்லை. எங்கள் கோப்பை முதன்முதல் திறந்து பத்து நிமிடம் மௌனமாகப் பார்த்தாள். பிறகு சிவப்புப் பென்சிலால் மூன்று இடங்களில் வட்டமிட்டாள். தமிழில் இருந்த பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் என் கணவரின் பெயர் ஒரு விதமாகவும், மகளின் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடக்கும் வழமையான சங்கடம்தான், ஆனால் விசா அதிகாரிக்கு அது இரண்டு மனிதர். "அன்ரி, இதைப் புதுக்கடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டைக் காட்டித் திரும்பச் செய்யுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஒரு சத்தியக்கடதாசியும் எடுத்து வையுங்கள்" என்றாள். கீழ்மாடியில் இரண்டு மாதமாக அந்தக் கோப்பு கிடந்தது, ஒருவரும் அதைக் காணவில்லை.

பண விடயத்தில் அவள் செய்தது எங்களைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். லண்டனில் இருக்கும் என் தம்பி ஒரு பங்கு தருவதாகச் சொல்லியிருந்தான். மாமாவின் வங்கிக் கூற்றையே காட்டலாம் என்று கீழ்மாடியில் சொன்னார்கள். மேல்மாடிப் பிள்ளை தலையை ஆட்டினாள். மாணவரின் கணக்கு அல்லது பெற்றோரின், சட்டபூர்வப் பாதுகாவலரின் கணக்கு மட்டும்தான் செல்லும், மாமா எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் செல்லாது. பிரித்தானிய அரசின் வழிகாட்டியைத் திறந்து அந்த வரியையே காட்டினாள். வாசித்துப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. தம்பி பணத்தை என் கணக்குக்கு அனுப்பினான். மானிப்பாயில் அப்பா விட்டுப்போன காணி விற்ற காசும் அதே கணக்குக்கு வந்தது. முதலாம் ஆண்டுக் கட்டணத்தில் மிச்சமும், லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,136 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுணும் அப்போது கணக்கில் இருக்க வேண்டியிருந்தது. அப்போதைய கணக்கில் ஒரு பவுண் ஏறத்தாழ 400 ரூபாய், ஆகவே வாழ்க்கைச் செலவு மட்டும் நாற்பது இலட்சத்துக்கு மேல். அது 28 நாட்கள் தொடர்ந்து ஒரு ரூபாயும் குறையாமல் இருக்க வேண்டும். நாணய மாற்று வீதம் ஏறினால் ரூபாய்க் கணக்கு தானாகவே குறைந்துவிடும் என்பதால், எல்லைக்கு மேலே நாலு இலட்சம் கூடுதலாக வைக்கச் சொன்னாள். சுவர் நாட்காட்டியில் ஒவ்வொரு கோப்புக்கும் 28 ஆம் நாளை அவளே குறித்து வைத்திருக்கிறாள். நான் கண்ட மிக அழகான நாட்காட்டி அது.

மற்றவை விரைவாக நடந்தன. ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும் என்பதால் மகள் அதை ஜனவரியிலேயே எழுதிவிட்டாள். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், ஆகவே அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் என்று மேல்மாடிப் பிள்ளை தடுத்தாள். ஏப்ரல் கடைசியில் பெறுபேறு வந்தது, நிபந்தனையுடன் வந்திருந்த அனுமதி உறுதியானது. அப்போது விசாக் கட்டணம் 524 பவுண். சுகாதார மேலதிகக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண் வீதம் மூன்றரை வருடத்துக்கு 2,716 பவுண், முழுவதையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். இந்தத் தொகையைக் கீழ்மாடியின் செலவுப் பட்டியலில் காணவே இல்லை. பதினொரு இலட்சம் ரூபாய் என்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு மறந்துபோகக்கூடிய தொகையா?

அந்தப் பட்டியலில் இருந்த இன்னொரு வரி: "பகுதிநேர வேலை செய்து கட்டணத்தைக் கட்டலாம்." கட்ட முடியாது. பாடநாட்களில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் அனுமதி. ஆய்வுகூடமும் களப்பயணமும் உள்ள பாடத்தில் அந்த இருபதும் கிடைக்காது. மகள் ஒரு கடையில் வாரத்துக்கு எட்டு மணித்தியாலம் நிற்கிறாள், மரக்கறிக்கும் பஸ்ஸுக்கும் வருகிறது. படித்து முடித்தபின் இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம் என்று துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். 2028 இல் முடிக்கும் என் பிள்ளைக்கு 18 மாதம்தான். போன மாதம் அந்த வழியாகப் போனபோது எடுத்துப் பார்த்தேன், பிரசுரம் இன்னும் மாற்றப்படவில்லை.

நிலையத்துக்கு நாங்கள் கட்டியது கோப்புக் கட்டணமாக 50,000 ரூபாய், விசா கிடைத்ததும் திருப்பித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதியிருந்தார்கள். ஆறு முறை தொலைபேசி எடுத்து, பதினொரு கிழமை கழித்துக் கிடைத்தது. கிடைத்தது என்பதைப் பதிவு செய்கிறேன். எழுத்தில் வாங்கியிருக்காவிட்டால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பாடநெறி எப்படி என்றும் கேட்கிறார்கள். ஆறு மாதத்தில் முழுத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் மகளின் தொலைபேசி அழைப்புகள் மாறிவிட்டன. முதல் கிழமைகளில் குளிரையும் சோற்றையும் பற்றிப் பேசினாள். பிறகு நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். நொரிச்சைச் சுற்றியுள்ள புரோட்ஸ் என்ற நீர்நிலைகள் இயற்கை ஏரிகள் அல்லவாம். மத்திய காலத்தில் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய குழிகளில் தண்ணீர் நிறைந்து உண்டானவை. நண்பிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேஸ்பரோ என்ற கரையோர ஊருக்குப் போய்வந்தாள். களிமண்ணும் மணலுமான குன்று கடலுக்குள் இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது, வீடுகளும் வீதியும் போய்விட்டன, 1950களின் கடைசியில் போட்ட மரத் தடுப்புகள் உடைந்து நிற்கின்றன. "அம்மா, நீங்கள் வகுப்பில் கீறும் படம் மாதிரியே இருக்கிறது" என்றாள். கரையரிப்பை இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் கீறியவள் நான். வெள்ளவத்தையில் ரயில் தண்டவாளத்துக்குக் கீழே கொட்டியிருக்கும் பாறாங்கற்களைத்தான் உதாரணம் காட்டுவேன். என் பிள்ளை அதே பாடத்தை வடகடலின் விளிம்பில் நின்று பார்த்துவிட்டாள் என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை மறைக்கத் தெரியவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. களனி ஆறு பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கின. இரவு பதினொன்றுக்கு மகள் அழைத்தாள். நாங்கள் பத்திரமா என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வி: "வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் மணல்மேட்டை வெட்டிவிட்டார்களா அம்மா?" கொழும்பின் வாய்க்கால் நீர் முகத்துவாரம், வெள்ளவத்தை, தெஹிவளை என்ற மூன்று வாய்களால் கடலுக்குப் போகிறது. ஒன்றில் மணல் அடைத்தாலும் உள்ளே தண்ணீர் தேங்கும். மறுநாள் காலை குடை பிடித்துக்கொண்டு கடற்கரை வீதிக்குப் போய்ப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, பழுப்புத் தண்ணீர் வேகமாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். எத்தனை மணிக்கு எடுத்தது, அப்போது கடல் வற்றா பெருக்கா என்று கேட்டுப் பதில் வந்தது.

நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மேல்மாடிப் பிள்ளை ஏப்ரலில் மட்டக்களப்புக் கிளைக்கு மாறிப் போகிறாள். செவ்வாய்க்கிழமை சக ஆசிரியை ஒருவரின் மகளைக் கூட்டிக்கொண்டு நானே போகிறேன். அந்தப் பிள்ளையின் கையில் பாட அலகுகளின் பட்டியல் இருக்கிறது. கண்ணாடி அறையில் உட்காராமல் நேரே படியேறப்போகிறோம். கோப்பு உள்ளவர்கள் மார்ச் முடிவதற்குள் அவளிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு கூட்டம் குறைவு.